கிடைக்கும் காவலுக்கும் கைகொடுக்கும் மடக்குப்பிடிச் சட்டி

பழைய எவர்சில்வர் பாத்திரம் ஒன்று போதும். அரை நாள் வேலையில் நீங்களே செய்துகொள்ளலாம்

அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து செம்மறிக் கிடைகள் காவிரிப் படுகையை நோக்கி நகரத் தொடங்கிவிடும். கிடைக்காரர்கள் மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போவார்கள். வாத்துப் பட்டியோடு போகிறவர்களுக்கும், கரும்பு வெட்டப் போய் வயலோரம் குடிசை போட்டுத் தங்குகிறவர்களுக்கும் இதே நிலைதான். இவர்களைத் தவிர, நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கப் பரண் மேல் இரவு தங்கும் விவசாயிகளும் உண்டு. எல்லோருக்கும் சோறு பொங்குவது மூன்று கல் அடுப்பில்தான்.

அங்கே பெரிய தொல்லை சட்டியை இறக்குவது. வீட்டில் இடுக்கி இருக்கும், பிடிதுணி இருக்கும். கொல்லையில் தோளில் கிடக்கும் துண்டையோ சேலைத் தலைப்பையோதான் பிடிதுணியாக்க வேண்டும். ஈரத்துண்டாக இருந்தால் சூடு சட்டென்று கைக்கு ஏறும், கை உதறும், கொதிக்கும் கஞ்சி காலில் கொட்டும். காய்ந்த துண்டென்றால் அதன் நுனி நெருப்பில் விழுந்து பற்றும். நீளப்பிடி வைத்த பாத்திரம் கொண்டுபோனால் மூட்டைக்குள் அடங்காது; கல் அடுப்பில் ஒருபக்கம் பாரம் இழுத்துக் கவிழவும் செய்யும்.

இதற்கு எளிய தீர்வு, மேலே தூக்கிப் பிடிக்கவும் வேண்டாதபோது பக்கவாட்டில் மடக்கவும் வசதியான கைப்பிடி. தூக்குவாளியின் பிடி போன்றதுதான். ஆனால் சாதாரண வாளிப்பிடி அடுப்பில் இருக்கும்போது சரிந்து தீயின் பக்கம் படுத்துக்கொள்ளும்; எடுக்கப்போனால் கையைச் சுடும். கீழே சொல்லும் முறையில் பிடி நிமிர்ந்தே நிற்கும். அதற்கு ஒரு சின்ன நாக்கு வெட்டிவிட்டால் போதும்.

முதலில் பாத்திரத்தின் பூர்வீகம்

கைப்பிடியைப் பற்றிப் பேசுவதற்கு முன், எந்தப் பாத்திரத்தில் அதை மாட்டப் போகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். பட்டறை வேலையில் சிறு பிழை வந்தால் திருத்திக்கொள்ளலாம். பாத்திரத் தேர்வில் பிழை வந்தால் உயிருக்கே ஆபத்து.

கொல்லையில் எளிதாகக் கைக்குக் கிடைப்பது காலி டப்பா. பூச்சிமருந்து டின், களைக்கொல்லி கேன், பெயின்ட் டப்பா என எல்லாமே உறுதியாக, மூடியோடு இருக்கும். நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டால் தண்ணீர் காய்ச்சவாவது ஆகும் என்று தோன்றும். ஆகவே ஆகாது. மருந்து, டப்பாவின் மடிப்புகளிலும் மூடிப் புரிகளிலும் தங்கும். பிளாஸ்டிக் என்றால் உள்ளேயே ஊறியிருக்கும். சோப்போ, சாம்பலோ, வெயிலோ அதை முழுமையாக நீக்காது. சிவப்பு முக்கோணம் போட்ட டப்பா மட்டுமல்ல, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் போட்ட டப்பாவும் சமையலுக்கு ஆகாது.

2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து கலந்திருந்தது தடய அறிவியல் ஆய்வில் தெரிந்தது. மருந்து இருந்த கலனில் எண்ணெயை வைத்ததே காரணமாக இருக்கும் என்று அப்போது சந்தேகிக்கப்பட்டது. சமையல் பக்கம் வரக்கூடாத ஒரு பொருள் வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

பூச்சிமருந்து டப்பா காலியானதும் 3 முறை தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிவிட வேண்டும். பிறகு டப்பாவில் ஓட்டை போட்டோ நசுக்கியோ, யாரும் மறுபடி பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும். காலி டப்பாக்களை மறுபயன்பாட்டுக்கு ஏதுவாக வெளியில் போடக்கூடாது என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளும் சொல்கின்றன.

தவிர்க்க வேண்டிய வேறு சிலவும் உண்டு.

நாகம் பூசிய இரும்பு வாளி: புளி, தக்காளி, மோர் பட்டால் நாகம் கரைந்து உணவில் இறங்கும், குமட்டலும் வாந்தியும் வரும்.

பற்றுவைத்து ஒட்டிய தகர டின்: பற்றுவைக்கும் பழைய கலவையில் காரீயம் உண்டு. அது 190 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். தண்ணீர் வற்றினால் மூட்டு பிரிந்துவிடும்.

பெயின்ட் அடித்த, அச்சடித்த பிஸ்கட் டின்: பூச்சு எரிந்து நாறும், உணவிலும் இறங்கும்.

பொருத்தமானது, வீட்டுச் சமையலிலேயே பழகிய எவர்சில்வர் பாத்திரம். புளிப்புக்கு அசையாது, நசுங்காது, துருப்பிடிக்காது. அதில் ஒரு குறை உண்டு. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் எவர்சில்வர் வெப்பத்தைப் பரப்புவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் தீ படும் இடத்தில் மட்டும் அடிப்பிடிக்கும். தீயைத் தணித்து எரித்து, அடிக்கடி கிளறிவிட்டால் சமாளிக்கலாம்.

என்னென்ன வேண்டும்?

இரண்டு பேருக்குப் பொங்க, வாய் அகலம் 18 செ.மீ., உயரம் 12 செ.மீ. உள்ள பாத்திரம் சரியாக இருக்கும். விளிம்பு வரை 3 லிட்டர் பிடிக்கும். கீழேயுள்ள அளவுகள் இந்தப் பாத்திரத்துக்கானவை. வேறு அளவுப் பாத்திரம் என்றால் கம்பியின் நீளம் மட்டும் மாறும்.

• எவர்சில்வர் பாத்திரம் 1: பக்கம் நேராக, விளிம்பு வெளிப்புறம் மடிந்ததாக, தகடு 0.8 மி.மீ.க்குக் குறையாததாக இருக்கட்டும். விரலால் அழுத்தினால் பக்கம் உள்வாங்கும் பாத்திரம் வேண்டாம்.
• எவர்சில்வர் பட்டை 2 துண்டு: 8 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், 1.5 மி.மீ. கனம். இவைதான் காதுகள்.
• எவர்சில்வர் கம்பி: 4 மி.மீ. கனம், 45 செ.மீ. நீளம்.
• எவர்சில்வர் ரிவிட் 4: 4 மி.மீ. கனம், உருட்டு ரிவிட்டாக இருக்க வேண்டும்.
• மூங்கில் குழல் 1: 10 செ.மீ. நீளம், உள்ளே கம்பி நுழையும் அளவு.
• மூடியாக ஒரு சிறு தட்டு. அதுவே சாப்பிடும் தட்டாகவும் ஆகும்.

கருவிகள்: டிரில்லிங் மெஷின், 4 மற்றும் 5 மி.மீ. பிட், சுத்தியல், அரம், இரும்பு அறுக்கும் ரம்பம், குறடு. டிரில்லிங் மெஷின் இல்லாதவர்கள், அளவு குறித்துக்கொடுத்தால் ஊர்ப் பட்டறையில் துளை மட்டும் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

செய்முறை

1. காதுகளை வெட்டுதல்: ஒவ்வொரு பட்டையின் மேல்நுனியிலிருந்து 2 செ.மீ. இறங்கி, நடுவில் 5 மி.மீ. துளை போடுங்கள். கம்பி ஆடுவது இந்தத் துளையில்தான். கீழ்நுனியிலிருந்து 1 செ.மீ.யிலும் 2.5 செ.மீ.யிலும், ஒன்றின் மேல் ஒன்றாக, 4 மி.மீ. துளை இரண்டு போடுங்கள். இவை ரிவிட்டுக்கு. எவர்சில்வரில் துளை போடும்போது மெஷின் மெதுவாகச் சுழல வேண்டும், கை நன்றாக அழுத்த வேண்டும், ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். வேகமாகச் சுற்றினால் தகடு சூடேறி இறுகி, பிட் மழுங்கிவிடும்.

2. நாக்கு: பட்டையின் மேல்நுனியில், ஒரு பக்க ஓரத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி, நேர்கீழாக 1 செ.மீ. ஆழத்துக்கு ரம்பத்தால் ஒரு கீறல் அறுங்கள். பிரிந்து நிற்கும் அந்த 5 மி.மீ. நாக்கைக் குறடால் பிடித்து வெளிப்புறம் படுக்கையாக மடக்குங்கள். நிமிர்த்திய பிடி இதன் மேல் சாய்ந்து நிற்கும். பாத்திரத்தில் மாட்டியபின் இரண்டு நாக்கும் பாத்திரத்தின் ஒரே பக்கமாக இருக்க வேண்டும். ஆகவே ஒரு காதில் நாக்கை வலப்புற ஓரத்திலும் மற்றதில் இடப்புற ஓரத்திலும் வெட்டுங்கள். இரண்டையும் ஒரே மாதிரி வெட்டிவிட்டால் பிடி எந்தப் பக்கமும் மடங்காது.

3. வளைப்பு: காதின் கீழ்ப்பாதி பாத்திரத்தின் பக்கத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். ஒரு இரும்புக் குழாயின் மேல் வைத்து லேசாகத் தட்டினால் வளைவு வந்துவிடும். பாத்திரத்தின் விளிம்பு வெளியே தடித்திருக்கும். அதைத் தாண்டும் இடத்தில் பட்டையைச் சற்று வெளிப்புறம் தள்ளி, மேலே மறுபடி நிமிர்த்திவிடுங்கள். காதின் பாதி விளிம்புக்கு மேலும், பாதி கீழும் இருக்கட்டும்.

4. பாத்திரத்தில் துளை: விளிம்பைச் சுற்றி ஒரு நூலை வைத்து அளந்து, அதைப் பாதியாக மடித்தால் எதிரெதிர் இடங்கள் துல்லியமாகக் கிடைக்கும். இடம் தவறினால் பிடி ஒருபக்கம் இழுத்துக்கொண்டு சட்டி கோணலாகத் தொங்கும். காதை வைத்துத் துளைகளைக் குறியுங்கள். பாத்திரத்துக்குள் ஒரு மரக்கட்டையைத் தாங்கு கொடுத்துத் துளை போடுங்கள். பாத்திரத்தைக் கையால் மட்டும் பிடித்துக்கொண்டு டிரில் போட்டால் பிட் சிக்கி, பாத்திரம் சுழன்று கையை வெட்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். துளையின் பிசிறுகளை அரத்தால் எடுத்துவிடுங்கள்.

5. ரிவிட் அடித்தல்: ரிவிட்டின் தலை பாத்திரத்துக்கு உள்ளேயும், வால் வெளியேயும் வர வேண்டும். தகடுகளின் கனத்தோடு, ரிவிட் கனத்தைப்போல் ஒன்றரை மடங்கு வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சரியான அளவு. இங்கே 6 மி.மீ. வால் என்று கொள்ளலாம். உள்ளே தலைக்குக் கனமான இரும்பைத் தாங்கு கொடுத்து, வெளியே வாலைச் சிறு அடிகளாகச் சுற்றிலும் தட்டிக் குமிழாக்குங்கள். ஒரே அடியில் நசுக்கினால் ரிவிட் சாய்ந்துவிடும்.

6. பிடி வளைத்தல்: பலகையில் 20 செ.மீ. அகலத்துக்கு வட்டம் போட்டு, பாதி வட்டத்தில் ஆணிகள் அடியுங்கள். முதலில் கம்பியில் மூங்கில் குழலைக் கோத்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் குழல் இருக்கும் 10 செ.மீ. நேராக இருக்கட்டும்; மீதியை ஆணிகளில் ஊன்றி இருபுறமும் வளையுங்கள். நுனிகளை உட்புறமாக மடக்கி, காதின் வெளிப்புறமிருந்து துளைக்குள் செலுத்தி, உள்ளே வந்த நுனியைக் குறடால் மேல்நோக்கி மடக்கிவிடுங்கள். மிச்சக் கம்பியை அறுத்து, முனையை அரத்தால் மழுக்குங்கள்.

இப்போது பிடியைத் தூக்கினால் நாக்கில் சாய்ந்து நிற்கும். எதிர்ப்புறம் தள்ளினால் சட்டியின் பக்கத்தில் படுத்துவிடும். சட்டிக்குள் டம்ளர், கரண்டி, உப்பு டப்பாவைப் போட்டு, தட்டால் மூடி, ஒரு துணியில் கட்டினால் மூட்டையில் அடங்கிவிடும்.

அடுப்பில் ஏற்றுமுன் சோதனை

செய்த கையோடு சோற்றைப் பொங்கிவிடாதீர்கள். சட்டி நிறைய உலர்ந்த மணலைக் கொட்டுங்கள். கிட்டத்தட்ட 5 கிலோ வரும். சமைத்த சட்டியின் பாரத்தைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். பிடியைக் கயிற்றில் மாட்டி, தரைக்கு ஒரு சாண் மேலே, கால் மணி நேரம் தொங்கவிட்டு லேசாக ஆட்டிப் பாருங்கள். காது அசைந்தாலோ, ரிவிட்டைச் சுற்றித் தகடு உப்பினாலோ ரிவிட்டை எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

அதன் பிறகு சோப்பால் கழுவி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். துளை போட்டபோது விட்ட எண்ணெயும் இரும்புத் தூளும் போய்விடும்.

கீழ் ரிவிட் விளிம்பிலிருந்து 3 செ.மீ. இறக்கத்தில் இருக்கும். உணவு எப்போதும் விளிம்பிலிருந்து 4 செ.மீ. கீழேயே நிற்கட்டும். அப்படியானால் சட்டியில் 2 லிட்டர் கொள்ளும். ரிவிட் வழியே கசிவும் இருக்காது, பொங்கி வழிந்து தீயும் அணையாது.

கொல்லையில் சமைக்கும்போது

சட்டியின் வெளிப்புறத்தில் களிமண்ணையோ சாம்பலையோ குழைத்து மெல்லப் பூசிவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கரி அந்தப் பூச்சின் மேல்தான் படியும்; கழுவும்போது மண்ணோடு உதிர்ந்துவிடும். தண்ணீர் அரிதான இடத்தில் இது பெரிய உதவி.

நிமிர்ந்து நிற்கும் பிடியும் நீண்ட நேரத்தில் சூடேறும். இறக்கும்போது மூங்கில் குழலை மட்டும் பிடியுங்கள். காற்று வீசும் நாளில் ஒரு கவைக்குச்சியைப் பிடியில் கொடுத்துத் தூக்குவது நல்லது. மூங்கில் கருகினால் கம்பியின் ஒரு நுனியை நிமிர்த்திக் கழற்றி, புதுக் குழல் மாட்டிக்கொள்ளலாம். குழலுக்குப் பதில் பிளாஸ்டிக் ஹோஸ் துண்டு போடாதீர்கள். உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.

கிளறுகோலுக்கும், சட்டியைத் தொங்கவிடும் கொம்புக்கும், விறகுக்கும் அரளிக் குச்சியை எடுக்கக்கூடாது. அரளியின் எல்லாப் பாகமும் விஷம். வேம்பு, கருவேலம், புளி என்று தெரிந்த மரத்தின் குச்சியையே எடுங்கள்.

வைக்கோல் போரிலிருந்தும் காய்ந்த தாளடியிலிருந்தும் விலகி அடுப்பை மூட்டுங்கள். புறப்படும்போது தண்ணீர் ஊற்றி, கங்கைக் கிளறி, மறுபடி ஊற்றி அணையுங்கள்.

கொதிநீர் பட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில், மோட்டார் தண்ணீர் என்றாலும் சரி, காட்டுங்கள். பேனா மை, பற்பசை, மாவு எதையும் பூச வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வாசகர்கள் கேட்கக்கூடியவை

அலுமினியச் சட்டியில் இதே பிடியை மாட்டலாமா?

மாட்டலாம். எடையும் குறையும், சீக்கிரமும் வேகும். ஆனால் அலுமினியம் மெத்தென்றது. பாரம் இழுக்க இழுக்கத் துளை கிழியும். ரிவிட் தலைக்கு அடியில் எவர்சில்வர் வாஷர் கொடுத்து அடியுங்கள். புளிக்குழம்பு, மோர்க்குழம்பை அதில் சமைக்கவோ, இரவெல்லாம் வைக்கவோ வேண்டாம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். விறகுத் தீ அதைத் தாண்டக்கூடியது என்பதால் வெறும் சட்டியைத் தீயில் மறந்துவிடக்கூடாது.

ரிவிட்டுக்குப் பதில் வெல்டிங் வைத்துவிடலாமா?

சாதாரண வெல்டிங்கில் 0.8 மி.மீ. தகடு ஓட்டையாகிவிடும். ஆர்கான் வெல்டிங் வைக்கும் பட்டறை அருகில் இருந்தால் வைக்கலாம். அப்போது பாத்திரத்தில் துளையே தேவைப்படாது.

வேலிக்கு வாங்கிய ஜி.ஐ. கம்பி மிச்சம் இருக்கிறது. பிடிக்கு ஆகுமா?

ஆகாது. அதன் மேல் பூசியிருப்பது துத்தநாகம். 420 டிகிரியில் அது உருகும். தீ இன்னும் கடுமையானால் வெண்புகையாகக் கிளம்பும். சமைக்கும் இடத்துக்கு அந்தப் புகை வேண்டாம். எவர்சில்வர் கம்பி கிடைக்காவிட்டால் பூச்சில்லாத இரும்புக் கம்பி போடலாம். துருவைத் தேய்த்து எண்ணெய் தடவி வைத்தால் வெகுநாள் வரும்.

தாத்தா காலத்துப் பித்தளைச் சட்டி இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

உட்புறம் ஈயப்பூச்சு முழுமையாக இருந்தால் மட்டும் பயன்படுத்தலாம். பூச்சு தேய்ந்த இடத்தில் புளிப்புப் பட்டால் களிம்பு உணவில் இறங்கும். பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கலந்தால் நஞ்சு. நம்பகமான ஆளிடம் மட்டும் பூசுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைக்கக்கூடாது. மூன்று கல் அடுப்புக்கு எவர்சில்வரே நிம்மதி.

கடைசியாக ஒரு குறி

பிடி வைத்த சட்டி எல்லா வேலைக்கும் வசதி. அதுவே அதன் ஆபத்தும். மருந்து கலக்கும் நேரத்தில் வாளி தூரத்தில் இருக்கும்; கைக்கெட்டும் தூரத்தில் பிடியோடு இந்தச் சட்டி இருக்கும். ஒரே ஒருமுறை, பிறகு கழுவிவிடலாம் என்று மருந்தை அதில் கரைத்துவிடுவார்கள். மறுநாள் அதில் கஞ்சி காய்ச்சுபவருக்கு அது தெரிந்திருக்காது.

ஆகவே காதில் ரிவிட் அடிக்கும்போதே, பாத்திரத்தில் பெயர் வெட்டுபவரிடம் ‘சமையலுக்கு மட்டும்’ என்று வெளிப்புறத்தில் வெட்டி வாங்கிவிடுங்கள். மருந்து கலக்கத் தனி வாளியும் தனிக் குச்சியும் வைத்து, அவற்றில் பட்டையாகச் சிவப்பு பெயின்ட் அடித்துவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டவோ, ஒரே மரத்தடியில் வைக்கவோ வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகப்படும்படி எதையாவது யாராவது சாப்பிட்டு, வாந்தி, வியர்வை, வாயில் எச்சில் வடிதல், பார்வை மங்கல் என்று ஏதேனும் தென்பட்டால் கைவைத்தியம் பார்க்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்து டப்பாவை அதன் லேபிளோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் மருத்துவர் தாமதமின்றிச் சரியான மாற்று மருந்து கொடுக்க முடியும்.